பழைய டீசல் காரில் விட்டுவிட்டு வரும் ஸ்டார்ட்டிங் கோளாறும் ஐடிலிங் கோளாறும்

காலையில் எவ்வளவு செல்ஃப் அடித்தும் பிடிக்காத வண்டி, பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனதும் ஒரே சாவித் திருப்பலில் பிடித்துவிடும். பழைய டீசல் காரில் மெக்கானிக்கை அதிகம் திணறடிக்கும் கோளாறு இதுதான். பழுது கண்ணில் படாததால் சந்தேகத்தின் பேரில் பேட்டரி மாறும், ஸ்டார்ட்டின்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் மாறும், டீசல் ஃபில்டர் மாறும், கடைசியில் டீசல் பம்ப்பையே கழற்றி சர்வீஸுக்கு அனுப்புவார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். பிறகு ஒரு காலையில் மறுபடியும் அதே கதை.

விட்டுவிட்டு வரும் கோளாறு சும்மா வருவதில்லை. ஏதோ ஒரு சூழ்நிலை பொருந்தும்போது வருகிறது, அது மாறியதும் போய்விடுகிறது. அந்தச் சூழ்நிலை பிடிபட்டு, கோளாறை நினைத்த நேரத்தில் வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. அதுவரைக்கும் ஒரு பாகமும் வாங்காதீர்கள் என்றுதான் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வேன்.

ஒரு சின்ன நோட்டு போதும். ஒவ்வொரு முறை மக்கர் செய்யும்போதும் எழுதி வையுங்கள்: வண்டி எத்தனை மணி நேரம் நின்றிருந்தது, இன்ஜின் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா, டேங்க்கில் எவ்வளவு டீசல், மூக்கு மேட்டைப் பார்த்து நின்றதா பள்ளத்தைப் பார்த்தா, முந்தின இரவு மழையா, செல்ஃப் எந்த வேகத்தில் சுற்றியது, சைலன்ஸரில் புகை வந்ததா, வந்தால் என்ன நிறம், பிடித்த பிறகு ஓடியதா அல்லது சில விநாடியில் அணைந்ததா. நாலைந்து பதிவு சேர்ந்ததும் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் சொல்லாததை இந்த நோட்டு சொல்லும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் ஸ்கேனர் மாட்ட இடமே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செல்ஃப் சுற்றுகிறதா?

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற ஒரே புகாருக்குள் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. செல்ஃப் சுற்றவில்லை அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது என்பது ஒன்று. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்பது மற்றது. இரண்டையும் கலந்துவிட்டால் தேடல் திசை மாறிப்போகும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அழுத்தம் பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்து போக நேரம் கிடைத்துவிடும், சூடு ஏறாது. ஆகவே "சுற்றுகிறதே" என்பது போதாது. குளிர்ந்த இன்ஜின் பிடிக்கச் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வேகமாவது வேண்டும்.

மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 10-க்கு மேல் நின்றால் நல்லது. பேட்டரி சரியாக இருந்தும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால், கேபிளில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ் கட்டையிலும் மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ முனையோ அரித்திருக்கிறது. அதேபோல் பேட்டரி நெகட்டிவ் கட்டைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே பாருங்கள், 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உள்ளே பச்சைப் பூத்து, பாதி இழை அறுந்து, ஈரம் பட்ட நாளில் மட்டும் மக்கர் செய்யும்.

சாவி திருப்பினால் "டக்" என்ற ஒரே சத்தம், நாலாவது தடவை சுற்றிவிடுகிறது என்றால் சோலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாரோடு இருக்கும் மின்காந்த சுவிட்ச்) போகும் மெல்லிய வயரில் வோல்ட் பாருங்கள். அங்கே சாவி திருப்பும்போது 9 வோல்ட்டுக்குக் குறைந்தால் சாவி சுவிட்ச், ரிலே, கப்ளர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். அங்கே வோல்ட் சரியாக வந்தும் சுற்றாவிட்டால்தான் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டும். சோலினாய்டு கான்டாக்ட்டோ கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கும்.

புகையைப் பாருங்கள்

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? ஒருவர் பின்னால் நின்று சைலன்ஸரைப் பார்க்கட்டும். வெண்புகை அடர்த்தியாக வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை. சூடு போதவில்லை, அல்லது அழுத்தம் போதவில்லை, அல்லது டைமிங் தள்ளியிருக்கிறது. புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. இந்த ஒரு பார்வையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும். ஹீட்டர் பிளக்கையும் டீசல் லைனையும் ஒரே நேரத்தில் சந்தேகப்பட வேண்டியதில்லை.

வெண்புகை வந்து, பிடித்ததும் வண்டி கிடுகிடுவென ஆடி, அரை நிமிடத்தில் சீராகிறது. சூடான பிறகு எந்தத் தொல்லையும் இல்லை. இது ஹீட்டர் பிளக்கின் கையெழுத்து. டேஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்து அணைவதைப் பார்த்து பிளக் வேலை செய்கிறது என்று நம்பாதீர்கள். பல பழைய வண்டிகளில் அந்த விளக்கு வெறும் டைமர். நாலு பிளக்கும் செத்திருந்தாலும் ஒழுங்காக எரிந்து அணையும். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே ஓம் பாருங்கள். சாதாரண 12 வோல்ட் பிளக் நல்ல நிலையில் ஏறக்குறைய 0.5 முதல் 1.5 ஓம் காட்டும். மீட்டர் வயரின் சொந்த ஓமை முதலில் கழித்துக்கொள்ளுங்கள், இவ்வளவு சின்ன அளவில் அது முக்கியம். எண்ணே வராவிட்டால் பிளக் அறுந்துவிட்டது. எல்லா பிளக்கும் சரியாக இருந்தால், சாவி போட்டதும் பட்டைக்கு பேட்டரி வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் ரிலே அல்லது பட்டை ஃபியூஸ். சில நாள் வந்து சில நாள் வராமல் இருந்தால் ரிலேயின் கான்டாக்ட் கருகியிருக்கும்.

பிளக்கைக் கழற்றுவதில் மட்டும் பொறுமை தேவை. பல வருடம் உள்ளேயே இருந்த பிளக் கரியில் இறுகியிருக்கும், முரட்டுத்தனமாகத் திருகினால் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, இன்ஜினைச் சூடாக்கி, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. பழுத்த பிளக்கில் பட்டு நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டன் உடையும், மேனிஃபோல்ட் சிதறும், கையில் படும்.

ஏர் எடுக்கும் டீசல் லைன்

பழைய வண்டியில், அதுவும் பாஷ் விஇ போன்ற ரோட்டரி பம்ப் உள்ளவற்றில், விட்டுவிட்டு வரும் ஸ்டார்ட்டிங் கோளாறுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது காற்றைத்தான். டேங்க்கிலிருந்து டீசலைத் தள்ளித் தரும் லிஃப்ட் பம்ப் இல்லாத இந்த வண்டிகளில் டேங்க்கிலிருந்து டீசலை பம்ப் தானே உறிஞ்சி எடுக்கிறது. லைன் முழுக்க உறிஞ்சும் பக்கம். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது மாதிரிதான்: டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். "எங்கேயும் லீக் இல்லையே" என்று கீழே காய்ந்த தரையைக் காட்டுவது எதையும் நிரூபிக்காது.

அறிகுறிகள் தெளிவானவை. அணைத்த உடனே ஸ்டார்ட் செய்தால் ஒரே திருப்பலில் பிடிக்கும். ஆறேழு மணி நேரம் நின்றால், அந்த மெல்லிய கசிவு வழியாகக் காற்று புகுந்து, பம்ப்பிலும் ஃபில்டரிலும் இருந்த டீசல் மெல்ல டேங்க்குக்கே திரும்பியிருக்கும். காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டும், புகை இருக்காது. சில நேரம் உடனே பிடித்து, பம்ப்பில் மிச்சமிருந்த டீசல் தீர்ந்ததும் அணையும். பிறகு கஷ்டப்பட்டுப் பிடித்து, ஆர்பிஎம் ஏறி இறங்கி, ஒரு நிமிடத்தில் சீராகும். டேங்க் நிறைந்திருக்கும்போது தொல்லை குறையும், காலியாகக் காலியாகக் கூடும்.

இதை உறுதிசெய்யச் செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. டேங்க் பின்னால் உள்ள வண்டியை ஓர் இரவு மூக்கு மேடாகவும், அடுத்த இரவு மூக்கு பள்ளமாகவும் நிறுத்துங்கள். மேடாக நின்ற காலையில் மக்கர், பள்ளமாக நின்ற காலையில் உடனே பிடித்தது என்றால் சந்தேகமே வேண்டாம், டீசல் பின்னோக்கி வடிகிறது. ஹீட்டர் பிளக்குக்கு மேடு பள்ளம் தெரியாது.

அடுத்து, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ள ஹோஸை எடுத்துவிட்டு, அதே உள்விட்டமுள்ள கண்ணாடி போன்ற டீசல் ஹோஸை இரண்டு பக்கமும் கிளிப் போட்டு மாட்டுங்கள். லைனில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடம் குமிழ் வருவது இயல்பு. பிறகும் ஊசித்தலை அளவுக் குமிழ்கள் வரிசையாக ஓடிக்கொண்டே இருந்தால், ரேஸ் ஏற்றி 2500 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். உறிஞ்சும் வேகம் கூடுவதால் குமிழும் கூடும், சில நேரம் அரை அங்குல நீளத்துக்கு வெறும் காற்றாகவே நகர்ந்து போவதைக் காணலாம். இன்ஜினை அணைத்துவிட்டு டீசல் நிற்கும் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் காலையில் மட்டம் இறங்கி ஹோஸ் காலியாகத் தெரிந்தால் சாட்சியே கையில் இருக்கிறது.

இனி இடத்தைக் குறுக்க வேண்டும். அதே ஹோஸை ஃபில்டருக்கு முன்னால் மாற்றி மாட்டுங்கள். அங்கேயும் குமிழ் வந்தால் காற்று டேங்க் பக்கம் புகுகிறது: டேங்க் மேல் உள்ள மூடியின் ஹோஸ், வண்டிக்கு அடியில் ஓடும் குழாயில் துரு அரித்த ஊசித்துளை, இணைப்பு ரப்பர். அங்கே குமிழ் இல்லை, ஃபில்டருக்குப் பின்னால் மட்டும் வருகிறது என்றால் குற்றவாளி ஃபில்டர் ஹவுசிங்: கீழே தண்ணீர் வடிக்கும் திருகு, வாட்டர் சென்சாரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கையால் அழுத்தும் பிரைமிங் பம்ப்பின் டயாஃப்ரம், ஃபில்டரோடு வந்த புது ஓ-ரிங்கைப் போடாமல் பழையதையே வைத்து இறுக்கியது. கடைசியாகச் சொன்னது நிறைய நடக்கிறது. "ஃபில்டர் மாற்றியதிலிருந்துதான் இப்படி" என்று யாராவது சொன்னால் ஓ-ரிங்கைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு பக்கமும் குமிழே இல்லாமல் காலையில் மட்டும் டீசல் இறங்கியிருந்தால், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில்களை இணைக்கும் மெல்லிய நூல் பின்னிய ரிட்டர்ன் ஹோஸ்களைப் பாருங்கள். சூட்டில் ரப்பர் இறுகி, முனையில் மயிரிழை வெடிப்பு விழும். தொட்டால் விரல் லேசாக ஈரமாகும். கடைசி நாசிலின் முனையை அடைக்கும் குட்டி ரப்பர் மூடியையும் மறக்க வேண்டாம். ஒன்று வெடித்திருந்தால் எல்லாத் துண்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். எல்லாம் ஒரே வயதுதான்.

இன்னும் சந்தேகம் என்றால் டேங்க்கையே கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். சுத்தமான டீசல் உள்ள 2 லிட்டர் கேனை பம்ப்பை விட உயரத்தில், சைலன்ஸர் சூடு படாத இடத்தில் அசையாமல் கட்டி, பம்ப்பின் இன்லெட் ஹோஸையும் ரிட்டர்ன் ஹோஸையும் அதிலேயே விடுங்கள். வண்டியை நகர்த்தாமல் இரவு முழுக்க அப்படியே நிறுத்தி, காலையில் உடனே பிடித்தால் பம்ப்பும் நாசிலும் நிரபராதி. பம்ப்பைக் கழற்றி அனுப்பும் செலவை இந்த ஒரு கேன் மிச்சப்படுத்தும். இன்னொரு பலனும் உண்டு: மேலிருந்து டீசல் தானாக இறங்குவதால், பம்ப்பின் முன்பக்க சீல் கசிந்தால் இப்போது வெளியே சொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒட்டுக்குப் போடும் திருகாணி கிளிப்பை அதிகம் இறுக்கி ஹோஸை வெட்டிவிடாதீர்கள். கண்ணாடி ஹோஸைச் சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். சாதாரண வகை டீசலிலும் சூட்டிலும் இறுகி, அதுவே அடுத்த ஏர் லீக்காக மாறும். செல்ஃப் அடித்துக் காற்றை வெளியேற்றும்போது ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் போகாமல், ஒரு நிமிடம் ஆறவிட்டு அடுத்தது அடியுங்கள்.

ஓடும்போது அணைந்து, ஆறிய பிறகு பிடித்தால்

அரை மணி நேரம் ஓடிய பிறகு இழுவை குறைந்து அணைகிறது, கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் ஒன்றும் நடக்காததுபோல் பிடிக்கிறது. இதற்கு இரண்டு எளிய காரணங்கள் டேங்க்கிலேயே இருக்கின்றன. டேங்க் காற்றோட்டக் குழாய் அடைத்தால், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உருவாகும். அணைந்த உடனே டேங்க் மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். இரண்டாவது, உறிஞ்சும் குழாயின் வலையில் கசடு ஒட்டுவது. டேங்க் அடியில் தண்ணீர் தேங்கினால் டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து கொழகொழவென்று படியும். ஓடும்போது வலையை அடைக்கும், நின்றதும் கீழே உதிரும். ஃபில்டரிலிருந்து தண்ணீர் வடிக்கும்போது கரும்பழுப்பாக ஏதாவது வந்தால் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை, டேங்க்கை இறக்கிக் கழுவ வேண்டும்.

மெக்கானிக்கல் பம்ப் வண்டி சுவிட்ச் போட்டதுபோல் சட்டென்று அணைந்தால் பம்ப் தலையில் உள்ள, டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சோலினாய்டைப் பாருங்கள். சாவி போட்டதும் 12 வோல்ட் வந்து "டிக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். பெரும்பாலும் நட் தளர்ந்தோ வயரின் கண் அரித்தோ இருக்கும்.

ஐடிலிங்

ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது ஆர்பிஎம் ஊசி அசையாமல் நிற்கிறது, வண்டி மட்டும் நடுங்குகிறது என்றால் அது ஐடிலிங் கோளாறே இல்லை. இன்ஜின் மவுண்ட்டைப் பாருங்கள்.

ஊசி சீராக ஏறி இறங்கினால் முதல் சந்தேகம் மறுபடியும் காற்று. ஒரே தாளத்தில் ஒரு அடி தவறிக்கொண்டே இருந்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் ஐடிலிங்கில் ஓடும்போது, துணி சுற்றி, ஒவ்வொரு நாசிலின் பைப் நட்டையும் அரைச் சுற்று தளர்த்தி இறுக்குங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் தடுமாறும். எதைத் தளர்த்தியும் மாற்றம் தெரியவில்லையோ அதுதான் நோயாளி. கண் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் செய்யாதீர்கள். நாசிலைக் கழற்றினால் அடியில் உள்ள காப்பர் வாஷரும் வெப்ப வாஷரும் கட்டாயம் புதிது போட வேண்டும்.

எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரு உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது. ஐடிலிங்கிலேயே 250 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல், ரேஸில் ஆயிரத்துக்கு மேல் அழுத்தம் நிற்கும். ஊசிபோல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் கரும்புகையோடு அணையப் பார்த்தால் புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வேக்யூமில் இயங்கும் வால்வு என்றால் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்து ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் வேக்யூம் சோலினாய்டில் கோளாறு. மாற்றமே இல்லாவிட்டால் வால்வு கரியில் ஒட்டியிருக்கலாம். கழற்றிப் பார்த்துக் கரியைச் சுரண்டுங்கள்.

ஐடில் திருகை ஏற்றிவைத்துக் கோளாறை மூடுவது கெட்ட பழக்கம். நாலு சிலிண்டர் இன்ஜினுக்குப் பெரும்பாலும் 750 முதல் 900 வரை என்று மேனுவல் சொல்லும். அதில் நிற்காத இன்ஜினை 1100-க்கு ஏற்றினால் அடுத்த மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய தடயமும் அழிந்துவிடும்.

காமன் ரெயில் வண்டிக்கு மட்டும்

குளிரில் பிடித்து, சூட்டில் பிடிக்காத வண்டியா? செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பாருங்கள்: ஆர்பிஎம், ரெயில் அழுத்தம். இன்ஜின் சுற்றியும் ஆர்பிஎம் பூஜ்யம் என்றால் கிராங்க் சென்சார் அல்லது அதன் வயர். சூட்டில் உள்சுருள் விரிந்து அறுந்து, ஆறியதும் சேர்ந்துகொள்ளும். ஆர்பிஎம் வந்து, அழுத்தம் ஏறக்குறைய 200 பாரைத் தொடாவிட்டால் பல வண்டிகளில் இசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) நாசிலைத் திறக்கவே விடாது. சூட்டில் டீசல் இளகுவதால், தேய்ந்த நாசிலின் ரிட்டர்ன் வழியாக அழுத்தம் தப்பிவிடும். ஒவ்வொரு நாசிலின் ரிட்டர்னையும் தனித்தனி அளவுக் குப்பியில் விட்டு, சூடான இன்ஜினை மூன்று நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டுங்கள். மற்றவை 20 மி.லி. தரும்போது ஒன்று மட்டும் 60 தந்தால் அதுதான். நாலும் ஒரே அளவில் அதிகமாக இருந்தால் மேனுவல் எண்ணோடு ஒப்பிட வேண்டும். பீசோ வகை நாசில்களுக்கு ரிட்டர்னில் அழுத்தம் நின்றாக வேண்டும். அவற்றை இப்படித் திறந்துவைத்துச் சோதிக்கக் கூடாது.

எல்லாம் பார்த்தும் குளிர் காலை வெண்புகை தீராவிட்டால், கடைசியாக கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு. அதற்கும் முன்னால் டேப்பட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை இயக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) பாருங்கள். பழைய இன்ஜினில் வால்வு தன் இருக்கையில் அமிழ்ந்து கிளியரன்ஸ் இறுகிவிடும். குளிரில் வால்வு முழுதாக மூடாது. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) மாற்றினால் தீர வேண்டியதற்கு இன்ஜின் ஓவர்ஹால் செய்தவர்கள் உண்டு. கம்ப்ரெஷனை டீசலுக்கான மீட்டரில்தான் பார்க்க வேண்டும், பெட்ரோல் மீட்டர் தாங்காது. நல்ல இன்ஜின் 25 முதல் 30 பார் தரும். 20-க்குக் கீழே போனாலும், சிலிண்டர்களுக்குள் 4, 5 பார் வித்தியாசம் வந்தாலும் ஹெட்டைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது.